ஜே.இ.இ. அட்வான்ஸ்டு (ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு) எழுதப்போகிறவர்களுக்கு: கோளுக்குள் இறங்கினால் ஜி (ஈர்ப்பு முடுக்கம்) என்ன ஆகும்?

ரிசல்ட் வந்தாச்சு, பிழைத்தாச்சு. டெல்லியில் ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கமிருந்து "கிராவிட்டேஷனுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இது. கெப்ளர், சாட்டிலைட் எல்லாம் யாரும் போட்டுவிடுவார்கள். மார்க் கழிவது கோளுக்குள் இறங்கும்போதுதான்.

எந்தக் கணக்கானாலும் முதல் வரியில், அந்த ஆரத்துக்குள் அடங்கிய நிறை எவ்வளவு என்று எழுதுங்கள். அதை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஈர்ப்பு மாறிலியால் பெருக்கினால் ஜி. அதற்கு வெளியே இருக்கும் ஓடு இழுக்காது. இதைத் தவிர நான் எதையும் மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். கோச்சிங் சென்டர்கள் நிறைந்த கலு சராய் பக்கம் கைமாறும் ஃபார்முலா ஷீட்டுகளில் "ஆழம் கூடினால் ஜி குறையும்" என்றிருந்தால் அடித்துவிடுங்கள். அடர்த்தி சீராக இருந்தால் மட்டுமே அதை நம்பலாம்.

சீராக இல்லாவிட்டால்? நிற்கும் இடத்தின் அடர்த்தி, அதற்குக் கீழே அடங்கிய கோளத்தின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவென்றால், இறங்க இறங்க ஜி கூடும். பூமியின் சராசரி அடர்த்தி 5.51 கிராம்/க.செ.மீ., அதில் மூன்றில் இரண்டு 3.67. மேலோட்டுப் பாறை 2.7தான். 1854-இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy) இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 380 மீட்டர் ஆழத்தில் வைத்த பெண்டுலம், மேலே இருந்ததைவிட நாளுக்கு இரண்டு விநாடிக்கு மேல் முந்தி ஓடியது இதனால்தான். மேலோட்டுக்கும் கோருக்கும் (மையக்கரு) இடைப்பட்ட மேன்டில் முழுக்க ஜி 10 மீ./விநாடி²-ஐ ஒட்டியே நிற்கிறது. 2,890 கி.மீ. ஆழத்தில், கோரின் விளிம்பில், 10.7-ஐத் தொட்டுவிட்டுத்தான் மையத்தில் சுழியமாகிறது. போட்டுப் பாருங்கள்: கோரின் நிறை பூமியில் 0.324 பங்கு, ஆரம் 0.546 பங்கு, அதன் வர்க்கம் 0.298. 0.324 ÷ 0.298 = 1.09. அதை 9.8-ஆல் பெருக்குங்கள். இரண்டடுக்குக் கோள் கேள்வி எல்லாமே இந்த ஒரு வரிதான்.

மற்றவை சுருக்கமாக:

- வெற்று ஓட்டுக்குள் ஜி சுழியம், பொட்டென்ஷியல் (ஒரு கிலோ நிறைக்கு உள்ள ஈர்ப்பு ஆற்றல்) சுழியமல்ல. மேற்பரப்பில் என்னவோ அதேதான் உள்ளேயும். சீரான கோளத்தின் மையத்தில் மேற்பரப்பைப்போல் 1.5 மடங்கு. பூமியை அப்படி வைத்தால் மையத்திலிருந்து தப்பும் வேகம் 11.2 அல்ல, 13.7 கி.மீ./விநாடி.

- கேவிட்டி (கோளத்துக்குள் குடைந்த கோள வடிவக் குழி): முழுக் கோளத்திலிருந்து சிறு கோளத்தைக் கழியுங்கள், வெக்டராக. உள்ளே புலம் எங்கும் ஒரே அளவு, ஒரே திசை. விடையில் இரு மையங்களுக்கிடையிலான தூரம்தான் வரும். கேவிட்டியின் ஆரம் வந்தால் திரும்பப் போடுங்கள்.

- சுரங்கப்பாதை: விட்டமோ நாணோ, சீரான பூமியில் போய்த்திரும்ப 84 நிமிடம். வாயைத் தாண்டி மேலே போகும் வேகத்தில் எறிந்தால் எஸ்.எச்.எம். (சீரிசை இயக்கம்) அங்கேயே முடிந்தது. வெளியே ஆற்றல் சமன்பாடு.

- மைய அழுத்தம் (சீரான கோளில்): அடர்த்தி × ஜி × ஆரம் என்று நேராகப் போட்டால் இரட்டிப்பாக வரும். இறங்கும் வழியில் ஜி-யும் குறைவதால் பாதிதான்.

- கிராஃப்: அடர்த்தி திடீரென மாறும் எல்லையில் ஜி கோடு முறியும், ஆனால் அறுபடாது. அறுபட்டுத் தாவினால் அங்கே மெல்லிய ஓடு இருக்கிறது என்று அர்த்தம்.