வளவுக்குள்ள கோய் குளம்: தோண்டின குழியை நானே பாதி மூடின கதை

முதல்லயே சொல்லிடுறன், குளம் இன்னும் முடியல. ஆவணியில தொடங்கின வேலை, இப்ப சித்திரை பிறந்து ஒரு கிழமை, தண்ணி நிக்குது, அஞ்சு குட்டிக் கோய் மீன் (நிறம் நிறமா வாற ஜப்பான் கெண்டை) நீந்துது, பில்டருக்கு வச்ச பிளாஸ்டிக் பீப்பாய்கள்ல ரெண்டாவது பரல் ஒழுகுது. இதுதான் இண்டைய நிலவரம். இவ்வளவு நாளும் என்ன செய்தனான், எங்க பிழைச்சது எண்டதை எழுதி வைப்பம், திருகோணமலையில உப்புவெளி நிலாவெளிப் பக்கம் மணல் காணி வச்சிருக்கிற ஆருக்காவது உதவும்.

யூடியூப்ல ரெண்டு மாசம் பாத்திட்டுத்தான் இறங்கினன். அதில வாற ஆக்கள் முக்கால்வாசிப் பேர் குளிர் நாட்டுக்காரர். மேல தண்ணி உறைஞ்சாலும் அடியில மீன் தப்பணும் எண்டு அஞ்சடி ஆறடி தோண்டச் சொல்றாங்க. கோய் மீனை நிறம் பாத்து வளத்தெடுத்ததே ஜப்பான்ல நீகாட்டா மலைக் கிராமங்கள்ல, அங்க ஆள் உயரத்துக்கு பனி விழும், அவங்களுக்கு அது சரி. நான் யோசிக்காம அந்தக் கணக்கை அப்பிடியே திருகோணமலைக்குக் கொண்டு வந்திட்டன். பன்ரெண்டடி நீளம், எட்டடி அகலம், அஞ்சடி ஆழம் எண்டு கயிறு கட்டி, ரெண்டு பேரைப் பிடிச்சு நாலு நாள்ல குழி வெட்டியாச்சு. ஆவணி மாசம், மண் பொடி மாதிரி காஞ்சு கிடந்தது, அடியில ஒரு சொட்டு ஈரம் இல்ல. மேசன் அண்ணன் வந்து எட்டிப் பாத்திட்டு, "தம்பி, இது மீனுக்கா, கிணறா வெட்டுறீங்க?" எண்டு கேட்டார். நான் சிரிச்சன். அவர் சிரிக்கல.

பிறகு கையில காசு காணாம ரெண்டு மாசம் வேலை நிண்டுது, இப்ப யோசிச்சா அது பெரிய புண்ணியம். ஐப்பசி கடைசியில மாரி தொடங்கி கார்த்திகையில ஊத்து ஊத்தெண்டு ஊத்தினதில குழிக்குள்ள தண்ணி நிண்டுது, மழைத் தண்ணிதானே எண்டு மோட்டரைப் போட்டு இறைச்சன், இறைச்சு முடிச்சு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா திரும்ப முழங்காலளவு. மேல இருந்து வந்த தண்ணி இல்ல, அடியில இருந்து ஊறுது. பக்கத்தில மணல் பொலபொலெண்டு சரியுது. அண்டைக்குத்தான் கிணத்துக்கு கயிறு விட்டு அளந்தன், தரையில இருந்து ரெண்டடியில தண்ணி. இதே கிணறு ஆவணியில ஏழடிக்குக் கீழ கிடந்தது. முப்பது வருசமா அந்தக் கிணத்தில குளிக்கிறன், மாரியில தண்ணி ஏறும் எண்டு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா குழி வெட்டேக்க அந்த யோசினை வரேல்ல.

அந்த நேரம் கொங்கிரீட் போட்டு, ஏதாவது வேலைக்கு தண்ணியை வெளிய விட்டிருந்தா, வெறும் தொட்டியை அடியில இருக்கிற தண்ணி வள்ளம் மாதிரி மேல தூக்கும், இல்லாட்டி அடித்தளம் வெடிக்கும். லைனர் எண்டு சொல்ற ரப்பர் விரிப்பைப் போட்டா நடுவில பலூன் மாதிரி ஊதி நிக்கும். உள்ளுக்கு நிக்கிற தண்ணி மட்டம் வெளியில நிலத்துக்குள்ள இருக்கிற மட்டத்தைவிட உயரமா இருக்கிற வரைக்கும் பயமில்ல, குறைஞ்சாத்தான் சோலி. அதனால மார்கழி முழுக்க ஞாயிற்றுக்கிழமையில கிணத்தை அளந்து ஒரு கொப்பியில எழுதினன், ரெண்டடிக்கு மேல ஏறேல்ல. சரி, அப்ப குளமும் ரெண்டடிக்குக் கீழ போறதில்ல எண்டு முடிவு. தோண்டின அஞ்சடியில மூண்டடியை, காசு குடுத்து வெட்டின மண்ணை, திரும்பக் காசு குடுத்து நிரப்பி, தண்ணி விட்டு இடிச்சு இறுக்கினது. மனுசி ஒண்டும் சொல்லல, கிணத்தடியில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டா, அதுவே காணும்.

இப்ப குளம் ரெண்டடி நிலத்துக்குள்ள, ரெண்டரை அடி வெளிய. தண்ணி ஆழம் நாலடி. கன அடிக்கு 28.3 லீற்றர் எண்டு பாத்தா கிட்டத்தட்ட 11,000 லீற்றர். வளந்த கோய் ரெண்டடி நீளம் போகும், ஆயிரம் லீற்றருக்கு ஒண்டு எண்டு வச்சா பத்து மீனுக்கு மேல போடக்கூடாது. வெளிய நிக்கிற சுவரை தண்ணி உள்ளுக்கிருந்து தள்ளும், அதால கல்லுச் சுவருக்கு நடுவில கம்பி விட்டு கொங்கிரீட் நிரப்பி, மேல சுத்திவர ஒரு கொங்கிரீட் பெல்ட்டும் அடிச்சாச்சு. உயர்த்தினதில இன்னொரு நன்மை, சுவரில இருந்துகொண்டு மீன் பாக்கலாம், அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் தவறி விழற பயமும் குறைவு. டவுனுக்குள்ள எண்டா மான் வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகும், இஞ்ச எங்களுக்கு வாறது கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு), அதுக்கு இந்த உயரம் ஒரு பொருட்டில்ல எண்டு நினைக்கிறன், மேல வலை போடத்தான் வேணும்.

இனி பில்டர். என்னைக் கேட்டா குளம் எண்டது சும்மா தண்ணி நிக்கிற பெட்டி, மீன் உயிரோட இருக்கிறது பில்டர்லதான். மீன் விடுற கழிவில இருந்தும், செவுளால விடுறதிலயும் அமோனியா வருது, ஒரு கிலோ சாப்பாடு போட்டா சுமார் 30 கிராம் அமோனியா எண்டு கணக்கு. அதை ஒரு வகை பக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அதுவும் நஞ்சு, இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும், அதை மீன் தாங்கும். இந்த பக்டீரியா ஒட்டி வாழ இடம் வேணும், காத்து வேணும். எங்கட சூட்டில காத்துத்தான் பெரிய பிரச்சினை, 20 பாகையில ஒரு லீற்றர் தண்ணி 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில ஏழரைதான். அந்த ஏழரையிலதான் மீனும் மூச்சு விடணும், பக்டீரியாவும் வேலை செய்யணும்.

என்ர ஒழுங்கு இப்பிடி. அடித்தளம் நடுவுக்கு சரிவு, நடுவில பொட்டம் டிரெயின் (கழிவுத் தண்ணி இறங்கிற ஓட்டை), அதில இருந்து நாலு இஞ்சி பைப் கொங்கிரீட்டுக்கு அடியால போய் பரலுக்கு வருது. கொங்கிரீட் போட முதல் இதைப் போடாட்டி பிறகு போடவே ஏலாது. பைப்பை சடாரெண்டு மடக்காம 45 பாகை பெண்ட் ரெண்டு போட்டன். தண்ணி தானா வழிஞ்சு வரும், மோட்டர் கடைசியில சுத்தமான தண்ணியிலதான் இருக்கு. மோட்டரை குளத்துக்குள்ள போட்டா மீன் கழிவை மிக்ஸியில அடிச்ச மாதிரி ஆக்கித்தான் பில்டருக்கு அனுப்பும், பிறகு அதை ஆர் பிடிக்கிறது.

முதல் பரல் சும்மா வெறும் பரல், தண்ணி சுத்தி வர பாரமானது அடியில படியும், கீழ வால்வைத் திறந்து வாழைக்கு விடலாம். ரெண்டாவது பரலுக்குள்ள பிரஷ் போடச் சொல்றாங்க, விலையைக் கேட்டிட்டு திருக்கடலூர்ல கரைவலைக்காரர் ஒராளிட்ட கழிச்சு விட்ட நைலோன் வலை ஒரு சாக்கு வாங்கி வந்தன். மூண்டு நாள் ஊற வச்சு அலசியும் மீன் நாத்தம் போகேல்ல, வீட்டுக்குள்ள பெரிய சண்டை, ஆனா சுருட்டி அடைஞ்சா அழுக்கை அப்பிடிப் பிடிக்குது. மூண்டாவது பரல்ல மோட்டர். அங்க இருந்து மேல ஏறி, ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின நாலு பிளாஸ்டிக் மீன் பெட்டிக்குள்ளால மழை மாதிரி விழுந்து குளத்துக்கு வருது. பெட்டிக்குள்ள உடைஞ்ச கூரை ஓட்டுத் துண்டு. காத்துக்குள்ளால விழுறதால ஒட்சிசனும் ஏறும், சூடும் கொஞ்சம் குறையும்.

இதிலயும் ஒரு முட்டாள் வேலை பாத்தனான். பரல் சேறு படாம வடிவா நிக்கட்டும் எண்டு ஒரடி உயரத்துக்கு மேடை கட்டி அதில வச்சன். குளத்துத் தண்ணி தரையில இருந்து ரெண்டடி உயரம், மேடை ஒரடி, அப்ப பரலுக்குள்ள வந்து நிண்ட தண்ணி ஒரேயொரு அடி. ரெண்டும் ஒரே மட்டம்தானே, பத்தாம் வகுப்பில படிச்சது. மேசன் அண்ணன் மட்டக்குழாயைப் பிடிச்சுக் காட்டிட்டு, "இதை முதலே கேட்டிருக்கலாமே தம்பி" எண்டார். மேடையை உடைச்சு, பரலை அரை அடி நிலத்துக்குள்ள இறக்கி இப்ப ரெண்டரை அடி தண்ணி நிக்குது.

மோட்டர் பெட்டியில மணித்தியாலத்துக்கு 10,000 லீற்றர் எண்டு போட்டிருக்கும், நம்பாதீங்க, அது உயரமே இல்லாம ஓடினாத்தான். மேல பெட்டி உயரத்தில 20 லீற்றர் வாளியைப் பிடிச்சு போன்ல நேரம் பாத்தன், நிரம்ப 11 செக்கன். கணக்குப் பாத்தா 6,500 லீற்றர் சொச்சம், முழுக் குளமும் ஒண்டே முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா பில்டருக்குள்ளால போகுது, எனக்குக் காணும். மோட்டர் 80 வாட்ஸ், காத்து மோட்டர் 35, ரெண்டும் இரவு பகலா ஓடினா மாசம் 83 யூனிட். இந்தக் கணக்கை மனுசிக்கு இன்னும் சொல்லேல்ல. காத்து மோட்டரை மட்டும் பட்டரியில போட்டிருக்கிறன், 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாள் மறக்கேல்ல.

புதுச் சீமெந்து சுண்ணாம்பு கக்கும், முதல் நிரப்பின தண்ணியில பிஎச் (அமிலமா காரமா எண்டு காட்டுற அளவு) டெஸ்ட் கிட் காட்டுற கடைசி நிறத்துக்குப் போயிட்டுது. மாமா வாழைத்தண்டு வெட்டிப் போடச் சொன்னார், போட்டன், அது வேலை செய்ததோ மூண்டு தரம் தண்ணி மாத்தினது வேலை செய்ததோ, இப்ப எட்டுக்குக் கிட்ட நிக்குது. மூண்டு தரம் முழுசா இறைச்சதும் மாசி பங்குனியில, கிணறு இறங்கின பிறகு, அதை மார்கழியில செய்திருக்கவே ஏலாது. பக்டீரியா வேலை செய்ய தண்ணியில இருக்கிற காரத்தன்மையைத் திண்டுகொண்டே இருக்கும், அதுக்கு ஒரு வலைப் பையில சிப்பி ஓடு கட்டி மூண்டாவது பரல்ல தொங்க விட்டிருக்கு. முருகைக்கல் நல்லம் எண்டு சொல்லுவாங்க, கடல்ல இருந்து அதை எடுக்கிறது சட்டப்படி பிழை, அந்தப் பக்கம் போகாதீங்க.

இன்னொண்டு, டெங்குக்கு பி.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) ஆக்கள் வந்து குளத்தைப் பாத்தினம், குளத்தில மீன் இருக்கு, ஒண்டும் இல்ல. பரல் மூடியைத் திறந்து டோர்ச் அடிச்சா முதல் பரல் ஓரத்தில புழு நெளியுது. எனக்கு வெக்கமாப் போச்சு. அண்டைக்கே கப்பி மீன் பத்து வாங்கி பரல்களுக்குள்ள விட்டு, நுளம்பு வலையும் கட்டினன்.

குட்டி மீன் அஞ்சும் விட்டு இண்டைக்கு பதினாறாம் நாள். அமோனியா 0.5, நைட்ரைட் இண்டைக்குத்தான் முதல் முதலா லேசா ஊதா நிறம் காட்டுது, அப்ப முதல் வகை பக்டீரியா வந்திட்டுது, ரெண்டாவது வர இன்னும் மூண்டு நாலு கிழமை. அதுவரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாப்பாடு, அதுவும் ஒரு சிட்டிகை, தண்ணிக்கு ஆயிரம் லீற்றருக்கு மூண்டு கிலோ எண்டு உப்பு போட்டிருக்கு, நைட்ரைட் மீனுக்கு ஏறாம இருக்க. கச்சான் காத்து (சூடான மேல்காத்து) தொடங்க முதல் நிழலுக்கு பச்சை வலைக் கூரையும் போடணும்.

ரெண்டாவது பரல் ஒழுகிறது பைப் பூட்டுற இடத்தில, ரப்பர் வொஷரை நான் உள் பக்கம் போடாம வெளிப் பக்கம் போட்டிட்டன் போல. இப்போதைக்கு கீழ ஒரு சட்டி வச்சிருக்கு, ராவு ஒருக்கா எழும்பி ஊத்தணும்.