டைட்டிலில் எழுத்து எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் டைட்டிலில் கத்தி, ரத்தம், சிலந்திவலை தெரிந்தால் திகில் படம் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த உருவங்களால் படத்தின் வகையைத்தான் காட்ட முடியும். பார்ப்பவரின் மனநிலையை மாற்றுவது, எழுத்து திரைக்குள் நுழையும் விதமும் நிற்கும் நேரமும் விலகும் வேகமும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சால் பாஸ் வடிவமைத்த இரண்டு டைட்டில்களை அடுத்தடுத்துப் பாருங்கள். 'வெர்டிகோ'வில் (1958) ஒரு பெண்ணின் முகம், பிறகு கண், அதற்குள்ளிருந்து சுழன்று வரும் சுருள்கள். எதற்கும் அவசரமில்லை, பார்வை மெல்ல உள்ளே இழுபடுகிறது. 'சைக்கோ'வில் (1960) வெறும் நேர்கோடுகள். அவை திரையின் குறுக்கே பாய, பெயர்கள் துண்டுபட்டு, ஒரு கணம் பொருந்தி, மறுபடி சிதறுகின்றன. ஒரு துளி ரத்தம் இல்லை. இரண்டுக்கும் இசை பெர்னார்ட் ஹெர்மன். பின்னதில் தந்தி வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்தினார். ஆக, கலைஞர்கள் அதே ஆட்கள். மாறியது அசைவும் தாளமும்.

'ஏலியன்' (1979) இன்னும் சிக்கனம். விண்வெளியில் ஒரு கோள் மெதுவாகக் கடக்க, படத்தின் பெயர் கோடு கோடாகத் தோன்றுகிறது. சொல் முடிவதற்குள் நாமே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தக் காத்திருப்புதான் பயம்.

ஒரு டைட்டிலை அலச, முதலில் ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். ஒவ்வொரு கார்டும் (ஒரே நேரத்தில் திரையில் தெரியும் பெயர்கள்) எத்தனை ஃப்ரேம் (படச்சட்டம்) நிற்கிறது, சட்டென்று வருகிறதா (cut) மெல்லத் தெளிந்து வருகிறதா (fade) என்று குறியுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால், ஒரு கார்டு 3 நொடி நின்றால் 72. அடுத்து, திரையை மூடிவிட்டு இசையை மட்டும் கேட்டு, நிமிடத்துக்கு எத்தனை தாள அடி (beat) என்று எண்ணுங்கள். 120 அடி என்றால் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம். 90 என்றால் 16. இப்போது இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்டுகள் அடியிலேயே விழுந்தால் துள்ளல் வரும், நகைச்சுவைக்கும் சாகசத்துக்கும் பொருந்தும். பதற்றப் படத்தில் இதைச் செய்தால் நாலாவது கார்டிலேயே பார்ப்பவர் தாளத்தைப் பிடித்துவிடுவார். பிடித்துவிட்டால் பதற்றம் போய்விடும். அங்கே சில கார்டுகள் அடிக்கு முன்னோ பின்னோ விழ வேண்டும்.

'செவன்' (1995) டைட்டிலில் கைல் கூப்பர் இந்த ஒழுங்கைத்தான் உடைத்தார். கையால் கீறிய எழுத்துகள் நடுங்கும், துள்ளும். முகம் தெரியாத ஒருவன் குறிப்பேடுகளைத் தயாரிக்கும் கைகள் மட்டும் தெரியும். படத்தில் வெகுநேரம் கழித்து வரப்போகும் ஆளை டைட்டிலே அறிமுகம் செய்துவிடுகிறது. இதைப் பார்த்து நடுங்கும் எழுத்தை மட்டும் நகல் எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த நடுக்கத்துக்குப் பின்னால் ஒரு பாத்திரம் இருக்க வேண்டும்.

தமிழில் டைட்டில் செய்பவருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை விரித்தால் தனிமையும் குளிர்ச்சியும் வந்துவிடும். தமிழில் அப்படியே விரித்தால் கொம்பும் துணைக்காலும் எழுத்தைவிட்டு விலகி, 'கோ' மூன்று துண்டாகிவிடும். உயிர்மெய்யை ஒரே அலகாக வைத்துக்கொண்டு, அலகுகளுக்கு நடுவே மட்டும் விரிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றச் செய்யும்போதும் இதே விதிதான். புள்ளி மட்டும் தாமதமாக வந்தால் 'க்' ஒரு கணம் 'க' ஆகிவிடும், பெயரே மாறிப்போகும்.

பின்னணி நகரும்போது எழுத்தும் எதிர்த்திசையில் நகர்ந்தால் படிக்க முடியாது. இரண்டில் ஒன்று நிற்கட்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது கடைசிக் கார்டு. இயக்குநர் பெயரோடு இசையும் முடிந்து, ஒரு நொடி மௌனம், பிறகு முதல் காட்சி என்று வைத்தால் அதுவரை சேர்த்த மனநிலை அந்த மௌனத்தில் கரைந்துவிடும். முதல் காட்சியின் ஒலியை, அது மழையோ ரயிலோ பேச்சோ, கடைசி இரண்டு கார்டுகளுக்கு அடியிலேயே தொடங்கி, இசையை அதற்குள் மெல்ல இறக்குங்கள்.