அப்பத்தா வைத்துவிட்டுப் போன பாக்கி

எங்கள் குடும்பத்துக்கு மதுரைக்குப் பக்கத்து அழகர்கோயிலில் ஒரு பாக்கி இருந்தது. அப்பாவுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை முற்றி, இனிப் பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், அப்பத்தா வயலில் நின்றபடியே அழகர் மலையைப் பார்த்துக் கும்பிட்டு நேர்ந்துகொண்டாளாம். பிள்ளை பிழைத்தால் அழகருக்கு ஒரு மூட்டை நெல், கோயில் வாசலில் கதவையே சாமியாகக் கும்பிடுகிற காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குக் கதவு நிறையச் சந்தனம். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் மேலூர்ப் பக்கம் பெரியாறு வாய்க்காலின் கடைமடை வயல் எங்களுடையது. ஒரு வருஷம் தண்ணீர் வந்தால் மறு வருஷம் வராது. விளைந்த வருஷத்தில் கடன் கொடுத்தவர் களத்துக்கே வந்து நிற்பார். இப்படியே தள்ளிப்போய் அப்பத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசி நாட்களில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கருப்பன் கடன வச்சுட்டுப் போறேன், நீ தீத்துப்புடு தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தை அறுப்பு கைகொடுத்தது. மாசியில் ஒரு சனிக்கிழமை, நெல் மூட்டையைக் குட்டியானை வண்டியில் ஏற்றி நாங்களும் கிளம்பினோம்.

அன்றைக்குப் பார்த்து மொட்டை, காதுகுத்து என்று வேன் வேனாகக் கூட்டம். வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் ஒருவர் ஓடிவந்து, "சந்தனம் சாத்தணுமாண்ணே? ஐந்நூறு குடுங்க, கூட்டத்துல நிக்காம நான் முடிச்சுத் தாரேன்" என்றார். ஊர் வழக்குகளையே சத்தியம் வாங்கித் தீர்த்துவைத்த கருப்பன் வாசல் இது. அங்கே நின்று இப்படிப் பேச எப்படித்தான் துணிகிறார்களோ! அப்பா பதிலே சொல்லாமல் நடந்துவிட்டார்.

முதலில் மலைக்குப் போனோம். பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. உலகளந்த பெருமாளின் சிலம்பிலிருந்து வழிந்த நூபுர கங்கை, ஐப்பசி தைலக்காப்புக்கு அழகரே மலையேறி வந்து நீராடுகிற தீர்த்தம். அங்கே வரிசையில் நின்று தலையில் தண்ணீர் விழுந்ததும் அடிவாரத்துக் கோபமெல்லாம் போய்விட்டது. ராக்காயி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, இறங்கும் வழியில் சோலைமலை முருகனையும் பார்த்தோம். வாழைப்பழப் பையைக் குரங்கு கொண்டுபோனது தனிக்கதை. அம்மா அதையும் காணிக்கைக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

பெரிய கோயிலில் நெல்லை ஒப்படைத்தபோது அம்மாவுக்குக் கை நடுங்கியது. இப்படிச் சனங்கள் கொண்டுவந்து கொடுக்கிற தானியத்தில்தானே அழகருக்குத் தோசை வார்க்கிறார்கள்! எங்கள் வயல் நெல்லும் அதில் சேரும் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கல்யாண மண்டபத்தில் இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மரின் முன்னால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், நாயக்கர் காலத்துச் சிற்பி கல்லில் குடலை உருவியிருக்கிறான். ஆனால் பின்னால் வருகிறவர்கள் நிற்க விட்டால்தானே. மூலவர் பரமசாமியின் சன்னதியிலும் அதே கதைதான். தீபாராதனை வெளிச்சத்தில் சங்கும் சக்கரமும் தெரிந்த மாத்திரத்தில் "நகருங்க, நகருங்க" என்ற குரல். கல்யாண சுந்தரவல்லித் தாயார் சன்னதியில்தான் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஆண்டாளை நினைத்துக்கொண்டேன். இந்த மாலிருஞ்சோலை அழகருக்குத்தான் அவள் நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை, வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டாள். அதைச் செலுத்தியது அவள் இல்லை. பல தலைமுறை கழித்து ராமானுஜர் இங்கே வந்து செலுத்தினார். அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாளாம், கோயில் அண்ணன் என்ற பெயர் இன்றும் அவருக்கு உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம ரொம்பத் தாமதமில்லடி" என்றாள்.

அப்புறம் கருப்பன் வாசல். வெளியே வந்து கோபுரத்தடிக்குப் போகும்போது வெயில் சாய்ந்திருந்தது. மூடிய அந்தப் பெரிய கதவின் மேல் சந்தனத்தின் மேல் சந்தனமாக அப்பியிருக்கிறது. மாலைகள், ஓரத்தில் நேர்ந்துவிட்ட அரிவாள்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு எனக்குப் போவதில்லை. குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

பூசாரி சந்தனத்தை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கு?" என்றார்.

அப்பா தன் பேரைச் சொல்லவில்லை. "எங்காத்தா பேருக்கு" என்றார்.

"ஆத்தா வரலையா?"

"இல்ல சாமி. போய்ச் சேந்துருச்சு."

பூசாரி ஒரு நொடி அப்பாவைப் பார்த்தார். "அதனால என்ன, கணக்கு அவன்கிட்ட இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுச் சந்தனத்தை அள்ளிக் கதவில் சாத்தத் தொடங்கினார். சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும்போது நகைக் கணக்கை இந்த வாசலில்தான் வாசிக்கிறார்கள், திரும்பி வந்ததும் மறுபடி ஒப்பிக்கிறார்கள். பெருமாளின் நகைக்கே கணக்குப் பார்க்கிறவன் எங்கள் அப்பத்தாவின் சந்தனத்தையா மறந்திருப்பான்? அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அம்மா கதவைப் பார்த்து, "அத்த, கட்டியாச்சு" என்று மட்டும் சொன்னாள். பின்னால் நின்ற ஒரு பாட்டி, யாரென்றே தெரியாது, அப்பாவின் முதுகைத் தடவி, "அழுகாதய்யா, பிள்ள பொழைக்கணும்னுதான வேண்டுச்சு" என்றார். அந்த நேரம் அந்தக் கூட்டமே எங்கள் சொந்தக்காரக் கூட்டமாகத் தெரிந்தது.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அழகர் தோசை தின்றோம். நெய்யில் வெந்த தடித்த தோசை, சுக்கும் மிளகும் நாக்கில் உறைக்க. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்த அப்பா இரண்டாவதும் கேட்டு வாங்கினார். எங்கள் வேளாண்மைக்குத் தண்ணீர் தந்ததற்கும், அப்பாவைக் கொடுத்ததற்கும், இத்தனை வருஷம் பொறுத்ததற்கும் என்ன சொல்லி நன்றி சொல்ல? கள்ளழகா, சித்திரையில் நீ மதுரைத் தல்லாகுளம் வரும்போது சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு நாங்களும் அங்கே நிற்போம். அப்பாவும் வருகிறார். செம்பை இப்போதே பரணிலிருந்து இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள் அம்மா.