உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?

மென்பொருள் வேலையில் பத்துப் பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டால் ஒரு நாள் அந்தக் கேள்வி வந்தே தீரும்: “டீமை நீங்க எடுத்துக்கறீங்களா?” கேட்பவர் ஏதோ பரிசு கொடுக்கிற முகத்தோடுதான் கேட்பார். வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பது அந்த நேரத்தில் உறைக்காது. எனக்கும் உறைக்கவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று நான் சொன்னது யோசிப்பதற்காக இல்லை, உடனே தலையாட்டினால் நன்றாக இருக்காதே என்பதற்காக.

அப்புறம்தான் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். எல்லோரும் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: “கோடிங்கை விட்டுட்டு இருக்க முடியுமா உங்களால?” இதை வைத்து முடிவெடுக்கப் போனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் நிற்போம். ஏனென்றால் சீனியர் ஆன பிறகு பாதி கோடிங்கை ஏற்கெனவே விட்டுத்தான் இருக்கிறோம். டிசைன் டாக்குமென்ட், ரிவ்யூ, இன்டர்வியூ, பக்கத்து டீமோடு பஞ்சாயத்து என்று நாள் போய்விடுகிறது. கோட் எழுதும் எடிட்டரைத் திறக்காமலே வாரம் ஓடியதுண்டு. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

ஆப்பிளின் தொடக்க நாட்களில், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் ஹெச்.பி. கம்பெனி வேலையை விட்டு வர மறுத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். கடைசி வரை இன்ஜினியராகவே இருந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கம்பெனி தொடங்கினாலும் இன்ஜினியராகவே இருக்கலாம், நிர்வாகத்துக்குப் போகவேண்டிய அவசியமில்லை என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகுதான் இறங்கிவந்தார். வாஸ்னியாக்குக்குச் சரி, அவர் கையில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் இருந்தது. என் கையில் இருந்தது ஒரு பேமென்ட் சர்வீஸும் அதன் பழைய பக்குகளும் (பிழைகளும்). அவற்றைப் பிரிய மனமில்லை என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

ஆட்களை நிர்வகிக்காமலே மேலே போக வழியில்லையா என்றால், காகிதத்தில் உண்டு. ஐபிஎம் அறுபதுகளின் தொடக்கத்திலேயே ‘ஃபெல்லோ’ என்ற பதவியை உருவாக்கி, ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைத் தந்த ஜான் பேக்கஸ் போன்றவர்களை அதில் அமர்த்தியது. இன்று ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று பெரிய கம்பெனிகள் பலவற்றில் தனி வரிசையே இருக்கிறது. சம்பளம் மேனேஜர் வரிசைக்குச் சமம் என்றும் சொல்வார்கள். ஆனால் ஒரு கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பத்து டீம் இருந்தால் பத்து மேனேஜர் வேண்டும். பிரின்சிபல் இன்ஜினியர் ஒருவர் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். அந்த வரிசையில் படிகள் இருக்கின்றன, நாற்காலிகள்தான் குறைவு. உறவினர்களுக்கோ பிரின்சிபல் இன்ஜினியர் என்றால் ஒன்றும் விளங்காது. “உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?” என்பதுதான் அவர்கள் அளவுகோல். யாரும் இல்லை என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள், பாவம், நம்மைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று.

கடைசியில் என்னை முடிவெடுக்க வைத்தது யோசனை இல்லை, ஒரு விடுப்பு. என் மேனேஜர் நீண்ட விடுப்பில் போனார். போகும்போது பொறுப்பை என்னிடம் கொடுத்து, “செஞ்சு பாருங்க, வந்ததும் பேசலாம்” என்றார். அது அப்ரைசல் நேரமாக, அதாவது எல்லோருடைய வேலைக்கும் ரேட்டிங் போடும் நேரமாக, அமைந்தது தற்செயலா என்று இன்றுவரை அவரிடம் நான் கேட்கவில்லை.

ரேட்டிங் முடிவாகும் கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. திரையில் ஒரு எக்செல் ஷீட். எல்லா டீம்களின் பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக. உச்ச ரேட்டிங் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி, போயிருந்தது. ஹெச்.ஆர். மவுஸை வைத்துக்கொண்டு காத்திருந்தார். “இவங்க மேலயே இருக்கட்டும்னா, யாரைக் கீழ கொண்டுவரலாம்?” என் டீமில் ஒருவருக்காக நான் பேசினேன். அவர் செய்தது கண்ணுக்குத் தெரியாத வேலை. பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தவர். ஒன்றுமே நடக்காததுதான் அந்த வேலையின் வெற்றி. ஒன்றுமே நடக்காததை அந்த அறையில் விளக்குவது சுலபமாக இல்லை. எதிரே இருந்தவரின் டீம் புதிய ஆப் வெளியிட்டிருந்தது. அவரிடம் காட்ட ஸ்கிரீன்ஷாட் இருந்தது. பெயர் ஒரு வரி கீழே இறங்கியது. அவ்வளவுதான், அடுத்த பெயருக்குப் போய்விட்டோம்.

அதை அவரிடம் சொல்ல வேண்டியதும் நான்தான். தனியறையில் உட்கார்ந்து சொன்னேன். முடிந்தவரை நேர்மையாகவே சொன்னேன், கூட்டத்தின் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. “அடுத்த வருஷம் நான் என்ன மாதிரி வேலை எடுத்துக்கணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரிகிற வேலையாக எடுங்கள் என்பதுதான் உண்மையான பதில். அதை மெருகேற்றிச் சொல்லவேண்டி வந்தது. பேச்சு நன்றாகப் போனதாகப் பிற்பாடு அவரே சொன்னார். மேனேஜரும் திரும்பி வந்து பாராட்டினார். எனக்கு மட்டும் அன்று மாலை முழுக்க வாயில் கசப்பு.

இதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு இரவு புரொடக்ஷன், அதாவது வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டம், படுத்திருந்தது. வெளி சர்வீஸ் ஒன்று மெதுவாகிவிட, வந்த ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு டேட்டாபேஸ் கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டு நின்றது. கனெக்ஷன் பூல், அதாவது கைவசம் இருந்த கனெக்ஷன்களின் தொகுப்பு, காலி. போதாததற்கு, தோல்வியடைந்த ரிக்வெஸ்ட்டை இடைவெளியே விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும் ரீட்ரை வேறு. பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான டைம்அவுட்டைக் குறைத்து, ரீட்ரையை நிறுத்திய பிறகு சிக்கலைக் காட்டிய கிராஃப் சரசரவென்று கீழே வந்தது. விடிந்துவிட்டது, கண் எரிந்தது, திட்டும் கிடைத்தது. ஆனாலும் குளித்துவிட்டு வந்து, ஏன் இது டெஸ்டில் பிடிபடவில்லை என்று சிஸ்டத்தின் பதிவுகளான லாக்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். யாரும் கிளறச் சொல்லவில்லை.

இரண்டுமே மோசமான நாட்கள்தான். ஒன்று முடிந்த பிறகும் என்னை இழுத்தது, மற்றொன்று எப்போது முடியும் என்றிருந்தது. ஒரு வேலை பிடிக்குமா என்பதை அதன் நல்ல நாளை வைத்துக் கணக்குப்போட்டால் தப்பாகிவிடும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. நல்ல நாளில் எந்த வேலையும் பிடிக்கும்.

மேனேஜர் வேலையே வெட்டி வேலை என்று பேசுகிற இன்ஜினியர்களோடு நான் சேர்த்தியில்லை. கூகுள் 2002ல் இன்ஜினியரிங் மேனேஜர்களே வேண்டாம் என்று செய்து பார்த்தது. செலவு பில்லிலிருந்து ஆட்களுக்குள் நடக்கும் சண்டை வரை எல்லாம் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் முன்னால் போய் நிற்க, சில மாதத்தில் கைவிட்டார்கள். அதே கம்பெனியில் சில வருடம் கழித்துத் தொடங்கிய ஆய்வு ஒன்று நல்ல மேனேஜரிடம் காணப்படும் எட்டு விஷயங்களை வரிசைப்படுத்தியது. தொழில்நுட்ப அறிவும் அதில் இருந்தது, எட்டாவதாக. எனக்கு அழைப்பு வந்ததோ முழுக்க முழுக்க அந்த எட்டாவதை வைத்து.

வேண்டாம் என்றேன். என் மேனேஜர் வற்புறுத்தவில்லை, ஒன்றே ஒன்று சொன்னார்: “சரி. ஆனா யாரை எடுக்கறது, எந்த வேலையைத் தள்ளிப்போடறதுங்கற முடிவெல்லாம் இனி உங்க கையில இருக்காது. அப்புறம் வந்து வருத்தப்படக்கூடாது.” இந்த விலையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பேமென்ட் சர்வீஸின் ஒரு பகுதியைத் திருத்தி எழுத நான் போட்ட திட்டம் அடுத்த காலாண்டிலேயே பட்டியலிலிருந்து காணாமல் போனது. ஆட்கள் வேறு புராஜெக்டுக்கு மாற்றப்பட்ட செய்தி முடிவான பிறகுதான் என் காதுக்கு வந்தது. டிசைன் சரியில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதைச் சரிசெய்ய இரண்டு பேரைக் கொடு என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. வாதாடலாம், எழுதிக் கொடுக்கலாம். மனமிருந்தால் கேட்பார்கள்.

அந்தப் பொறுப்பு பிறகு என்னோடு சேர்ந்து வேலை பார்த்த ஒருவருக்குப் போனது. வயதில் என்னைவிடச் சின்னவர், இப்போது என் மேனேஜர். அடுத்த அப்ரைசலில் அதே எக்செல் ஷீட், அதே சதவீதம், அதே தனியறை. எப்படி இருந்தது என்று கேட்டேன். “அந்த ஒரு மணி நேரம் பேசினதுதாங்க இந்த வருஷத்துலயே நான் உருப்படியா செஞ்ச வேலைன்னு தோணுது” என்றார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, முகம் பார்த்தாலே தெரிந்தது. லேப்டாப்பில் கோட் எடிட்டரையே நீக்கிவிட்டாராம். திரும்பப் போட நேரமில்லையா என்றேன். “எதுக்கு?” என்றார்.