கவனித்தால் மட்டும் போதாது

தனியார் மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இப்போது வருபவர்களில் பலர் கைப்பேசிச் செயலி வழியாக மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியை (மூச்சையும் உடலையும் எண்ணங்களையும் அந்தந்தக் கணத்தில் கவனிக்கும் பயிற்சியை) ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள். சிலருக்கு நல்ல தூக்கம் வந்திருக்கிறது. சிலர், “அதைத் தொடங்கிய பிறகுதான் பயம் கூடியது” என்கிறார்கள். இவர்களிடம் “நீங்கள் சரியாகச் செய்யவில்லை” என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சொல்வது உண்மை. அதற்கு விளக்கமும் உண்டு.

லாரி புக்கிங் அலுவலகம் நடத்தும் ஒருவர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). இரவில் நெஞ்சு படபடத்து அவசரப் பிரிவுக்கு ஓடியவர். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாகவே இருந்தன. என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில் நாடியைத் தேடிப் போகும். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும், உதடு சத்தமில்லாமல் எண்ணும். “கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் இதயம் காதுக்குள்ளேயே அடிக்கிறது மேடம்” என்றார்.

எமிலி லிண்ட்சே, டேவிட் கிரெஸ்வெல் என்ற இரு உளவியலாளர்கள் 2017இல் விரித்துரைத்த கோட்பாடு அவருடைய நிலைக்கு அப்படியே பொருந்தியது. மைண்ட்ஃபுல்னஸில் இரண்டு திறன்கள் இருக்கின்றன என்கிறார்கள் அவர்கள். ஒன்று, உள்ளே நடப்பதைக் கண்காணிப்பது. மற்றொன்று, நடப்பதை விரட்டாமல் ஏற்பது. முதலாவது மட்டும் கூர்மையானால் இன்பம் துன்பம் இரண்டும் பெரிதாகத் தெரியும். 2018இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் மன அழுத்தமுள்ள 153 பேர் பங்கேற்றார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு திறன்களையும், இன்னொன்றுக்குக் கண்காணிப்பை மட்டும், மூன்றாவதற்கு வேறொரு பயிற்சியையும் கைப்பேசி வழியாகக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோரையும் மன அழுத்தத்தைத் தூண்டும் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஏற்பையும் சேர்த்துப் பழகியவர்களுக்குத்தான் அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோனும் ரத்த அழுத்தமும் மற்ற இரு குழுவினரைவிடக் குறைவாக எகிறின.

ஆகவே அவருடைய கையை நான் தடுக்கவில்லை. “கை மணிக்கட்டுக்குப் போக நினைக்கிறது, அதையும் பாருங்கள். இதயம் எண்பது அடித்தாலும் நூற்றிருபது அடித்தாலும் நீங்கள் எதையும் குறைக்க வேண்டாம்” என்றேன். “குறைக்க வேண்டாம் என்றால் பிறகு எதற்கு மேடம் பயிற்சி?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குறைத்தே ஆகவேண்டும் என்ற பதற்றத்தைத்தான் உடல் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது என்று விளக்கினேன். அப்போது அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து, பேச்சின் நடுவே கை கிளம்பியது. மேசை விளிம்புவரை வந்து நின்றது. அதை அவரே பார்த்துச் சிரித்தார்.

மனச்சோர்வில் கதை சற்று வேறு. டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகிய உளவியலாளர்களின் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்கு அது திரும்பியது. மைண்ட்ஃபுல்னஸ் அடிப்படையிலான சிகிச்சையும் பெற்றவர்களில் 37 சதவீதம்தான். இரண்டே முறை வந்தவர்களுக்கோ பயன் தெரியவில்லை. நோய் அதிகம் தாக்கியவர்களுக்கு ஏன் கூடுதல் பலன்? நடந்து நடந்து வரப்பில் தடம் விழுவதுபோல, ஒவ்வொரு முறை சோர்வு வரும்போதும் வருத்தத்துக்கும் தன்னைத் தானே இகழும் எண்ணங்களுக்கும் இடையே ஒரு வழி பதிந்துவிடுகிறது. பிறகு சிறு வாட்டமே போதும், மனம் அந்த வழியில் இறங்கிவிடும். பயிற்சி அந்த இணைப்பில்தான் கைவைக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இதை நேரில் பார்த்தேன். மாலையில் உடல் அசந்தால் போதும், “மறுபடியும் தொடங்கிவிட்டது” என்று அஞ்சுவார். அடுத்து, “நான் யாருக்கும் உதவாதவள்.” இப்போது குறிப்பேட்டில் இப்படி எழுதுகிறார்: “நான் யாருக்கும் உதவாதவள் என்ற எண்ணம் ஆறு மணிக்கு வந்தது. ஆறே காலுக்கும் இருந்தது.” எண்ணத்துக்குள் நின்று பேசாமல் சற்று விலகி நின்று அதைப் பார்க்கிறார். பல ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதிய கைக்கு இது இயல்பாக வந்தது என்றே நினைக்கிறேன்.

அண்மையில் எங்கள் செவிலியர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுக்குமாறு நிர்வாகம் கேட்டது. மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். ஆனால் உடலுக்குள் எழும் படபடப்பை ஏற்பது வேறு, ஓய்வில்லாமல் அடுத்தடுத்து விழும் இரவுப் பணியை ஏற்பது வேறு. கோட்பாடு பேசுவது முதலாவதைப் பற்றி மட்டுமே. இதை நிர்வாகத்துக்கான குறிப்பில் எழுதி, பணிப்பட்டியலைத் திருத்தும்படியும் கேட்டிருக்கிறேன். பட்டியல் இன்னும் மாறவில்லை. பயிற்சி நடக்கிறது, ஒவ்வோர் அறிக்கையிலும் அந்தக் கோரிக்கையும் போகிறது.