கடற்காற்றும் குளோரின் கணக்கும்

கரிமச் சேர்மத்திலுள்ள ஹாலஜனையும் (குளோரின், புரோமின், அயோடின் போன்றவை) கந்தகத்தையும் அளப்பதற்கு மேல்நிலை வகுப்பிலேயே கேரியஸ் முறையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். எடையிட்ட பொருளைப் புகையும் நைட்ரிக் அமிலத்தோடும் சில்வர் நைட்ரேட்டோடும் கெட்டியான கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடாக்கினால், ஹாலஜன் சில்வர் ஹாலைடாக வீழ்படிவாகும். கந்தகத்திற்கு சில்வர் நைட்ரேட் தேவையில்லை. அது சல்பியூரிக் அமிலமாக மாறி, பேரியம் குளோரைடு சேர்த்ததும் பேரியம் சல்பேட்டாகப் படியும். சில்வர் குளோரைடின் எடையில் 24.74 விழுக்காடு குளோரின். பேரியம் சல்பேட்டின் எடையில் 13.74 விழுக்காடு கந்தகம். சில்வர் ஃப்ளூரைடு நீரில் கரைந்துவிடுவதால் ஃப்ளூரினுக்கு மட்டும் இந்த வழி உதவாது.

இதே அளவீட்டுக்கு எனக்குப் பிடித்தது 1955இல் வேதியியலாளர் ஷோனிகர் வெளியிட்ட ஆக்சிஜன் குடுவை முறை. சில மில்லிகிராம் பொருளைச் சாம்பல் எஞ்சாத வடிதாளில் பொதிந்து, பிளாட்டினம் வலையில் செருகி, தாளின் வாலில் தீ வைத்த கையோடு ஆக்சிஜன் நிரம்பிய குடுவைக்குள் நுழைத்து, மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்கூச எரிந்து சில நொடிகளில் அடங்கியபின் குடுவைக்குள் வெண்புகை மிதக்கும். அடியிலுள்ள கரைசல் அதை முழுவதும் உறிஞ்சும் வரை குலுக்கிக் காத்திருக்க வேண்டும். வலையில் கரித்துகள் தென்பட்டால் அந்த எரிப்பைத் தள்ளிவிடுவதே நல்லது.

நம் குமரி மாவட்டத்தில் இந்த வேலைக்குப் பெரிய இடைஞ்சல் உப்புதான். குளச்சல், முட்டம் பக்கத்து ஜன்னல் கம்பிகளை அரிக்கும் அதே காற்று, திறந்து வைத்த வடிதாளிலும் படியும். வியர்த்த விரலும் அதே உதவியைச் செய்யும். 5 மில்லிகிராம் பொருளை எரிக்கும்போது வெளியிலிருந்து 0.02 மில்லிகிராம் குளோரைடு ஏறினாலே விடை 0.4 விழுக்காடு கூடிவிடும். ஆகவே தாளை இடுக்கியால் மட்டுமே தொட வேண்டும். பொருளில்லாத வெறுந்தாளையும் ஒவ்வொரு நாளும் எரித்து, அந்த அளவைக் கழிக்க வேண்டும்.

கந்தகத்திற்குக் கடற்காற்று அவ்வளவு தொல்லை தருவதில்லை. ரப்பரில் கந்தகத்தை அளக்கும்போது சிக்கல் அந்த ரப்பரின் உள்ளேயே இருக்கிறது. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டியெடுக்கும் ரப்பர் பாலில் கந்தகம் மிகச் சொற்பம். வல்கனைசு செய்யும்போது, அதாவது ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும்போது, பொதுவாக நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்க்கிறார்கள். நிரப்பியாக (ரப்பரோடு கலக்கும் தூளாக) சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் எரியும்போது கந்தகத்தின் ஒரு பகுதி கால்சியம் சல்பேட்டாகச் சாம்பலிலேயே தங்கிவிடும். அதைக் கரைத்துச் சேர்க்காவிட்டால் விடை குறையும். நிரப்பியே பேரியம் சல்பேட்டாக இருந்துவிட்டால், மொத்தக் கந்தகத்தின் அளவைப் பார்த்து வல்கனைசுக்குச் சேர்த்தது எவ்வளவு என்று சொல்லவே முடியாது.