டெல்லி போன கணக்கு நோட்டு

அக்டோபர் 7, 2022, வெள்ளி. கரூர்

ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்னாலேயே திறந்துவிட்டது. காலை 8 மணிக்கு போனோடு உட்கார்ந்து, பிப்ரவரி 4 சென்னையிலிருந்து புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மூன்று ஸ்லீப்பர் போட்டுவிட்டேன். அத்தைக்குக் கீழ் பெர்த் கிடைத்தது. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது என்று சொன்னதும் அத்தைக்கு முகம் வாடிவிட்டது. "வயசாகிறதுல இருந்த ஒரே லாபமும் போச்சா?"

ஏசி போடலாமே என்றார் என் வீட்டுக்காரர். பெட்ஷீட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு ராத்திரிக் குளிரா பெரிசு என்றேன். ரூம் வாடகை தவிர, மூன்று பேருக்கும் ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். அதற்கு மேல் போனால் போகிறவர் கைக்காசு. இப்படித்தான் பந்தயம்.

பிப்ரவரி 5, 2023, ஞாயிறு. ரயிலில்

புளிசாதம் மதியம் நாக்பூரோடு தீர்ந்தது. இட்லியும் பொடியும் ராத்திரிக்கு. போபால் தாண்டியதும் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து காலைப் பிடித்தது. ஸ்லீப்பரில் போர்வை தரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கொண்டுவந்ததோ மெல்லிசான விரிப்பு மூன்று. கரூர்க்காரி போர்வை இல்லாமல் டெல்லி போகிறாள் என்று அவர் மேல் பெர்த்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 6, திங்கள்

ரயில் நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் ஒருவர் ஓடிவந்தார். இன்று மெட்ரோ ஓடாதாம், ஸ்ட்ரைக்காம், அவருக்குத் தெரிந்த டூரிஸ்ட் ஆபீஸில் நல்ல ரூம் பிடித்துத் தருவாராம். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை வேறு. என் வீட்டுக்காரர் தயங்க ஆரம்பித்துவிட்டார். அத்தை பையைக் கீழே வைத்துவிட்டு, "மெட்ரோ ஓடலேன்னா அதோ அந்தக் கூட்டம் எங்கே இறங்கிப் போகுது?" என்று கை காட்டினார். அஜ்மீரி கேட் பக்கம் படிக்கட்டில் ஊரே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் அதற்குள் அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார்.

மெட்ரோ கவுண்டரில் என் நோட்டை விரித்தேன். டூரிஸ்ட் கார்டு ஒரு நாளைக்கு 200, அதில் 50 திரும்பி வரும். அப்படியானால் நிஜமாக 150. டிக்கெட்டோ தூரத்தைப் பொறுத்து 10 முதல் 60 வரை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அத்தையை வைத்துக்கொண்டு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்குவதே பெரிய விஷயம். அதனால் சாதாரண ஸ்மார்ட் கார்டுதான். 150 கொடுத்தால் 50 டெபாசிட், 100 பயணத்துக்கு. ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் குறையும். காலை 8 மணிக்கு முன்னாலும், மதியம் 12 முதல் 5 வரையும், இரவு 9க்கு மேலும் இன்னொரு 10. காலையில் ரூமில் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டு 12 மணிக்குக் கிளம்புவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இங்கே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். இரண்டு கார்டு போதும், அவர் தட்டி உள்ளே போனதும் அதே கார்டை நீட்டி வாங்கி அத்தை தட்டட்டும் என்று. அவர் போய்விட்டார். அத்தை தட்டினார். கதவு திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார். சிவப்பு விளக்கு. பின்னால் ஆபீஸ் போகிற கூட்டம் முட்டுகிறது, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். ஒரு கார்டில் ஓர் ஆள்தான் என்று காவலர் விரலைக் காட்டிச் சொன்னார். அத்தைக்கு மூன்றாவது கார்டு வாங்கினேன். அதைத் தட்டியதும் கதவு திறந்ததில் அத்தைக்கு ஏற்பட்ட சந்தோஷம், செங்கோட்டையைக் காட்டினாலும் வராது.

கரோல் பாகில் ரூம். வாடகை 1,600. சாமானை வைத்துவிட்டு, செங்கோட்டைக்கே போகலாம் என்று கிளம்பும்போதுதான் ரிசப்ஷன் பையன் சிரித்தான். திங்கட்கிழமை செங்கோட்டை கிடையாது. தேசிய அருங்காட்சியகம் கிடையாது. தாமரைக் கோயில் கிடையாது. அக்ஷர்தாமும் கிடையாது. நான்கு மாதம் நோட்டுப் போட்டவள் கிழமையைப் பார்க்கவில்லை.

ஆனால் ஹுமாயூன் கல்லறைக்கு விடுமுறையே இல்லை. கவுண்டரில் பணமாகக் கொடுத்தால் ஆளுக்கு 40. அங்கேயே இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போனில் கட்டினால் 35. மிச்சம் 15, ஒரு பாட்டில் தண்ணீர். இறந்த ராஜாவுக்கு அவர் மனைவி எடுத்த கட்டடம் இது, தாஜ்மகாலுக்கு முந்தியது என்று அவர் விளக்கினார். அத்தை சிவப்புக் கல்லைத் தடவிப் பார்த்தார். "பொண்டாட்டி கட்டினதை யாரும் பாட்டுல பாடலையே."

சாயங்காலம் லோதி ரோட்டில் பஸ் ஏறினோம். கண்டக்டர் எனக்கும் அத்தைக்கும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆளுக்கொரு சீட்டு கிழித்துக் கொடுத்தார். பெண்களுக்கு 2019லிருந்து இலவசம். "நம்மூரு டவுன் பஸ் மாதிரியேதான்," என்றார் அத்தை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா இதுல ஏசி இருக்கு." அவருக்கு மட்டும் டிக்கெட். சீட்டை மடித்து அத்தை சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். லோதி தோட்டத்துக்குக் கட்டணமே இல்லை. சுல்தான்களின் கல்லறைக்குப் பக்கத்தில் புல்லில் படுத்துக்கொண்டு மீதி மிக்சரைத் தின்றோம்.

செலவு: 870. பந்தயத்தில் நான் முன்னால் இருக்கிறேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

ஜனாதிபதி மாளிகைத் தோட்டம். முகலாயத் தோட்டம் என்றிருந்த பேர் போன மாதக் கடைசியில்தான் அம்ரித் உத்யான் ஆகியிருக்கிறது. இதுவும் இலவசம், நேரத்தை மட்டும் ஆன்லைனில் பிடித்து வைக்க வேண்டும். துலிப் பார்த்தோம். அத்தைக்கு அது வெங்காயத்தாள் மாதிரி இருந்ததாம்.

அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம், ஆளுக்கு 20. மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் புத்தகத்தில் பார்த்து ஆளுயரச் சிலை என்றே நினைத்திருந்தேன். அரைச் சாண்தான் இருக்கிறாள். ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கை முழுக்க வளையலோடு, எங்களை யாரென்றே கேட்கவில்லை. அவள் முன்னால் கால் மணி நேரம் நின்றிருப்பேன். இந்தப் பயணத்தில் 20 ரூபாய்க்கு நான் வாங்கிய நல்ல சரக்கு இதுதான்.

மதியம் ஆந்திரா பவன் கேன்டீன். டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றால் இடம் வரும். பருப்புப் பொடி, நெய், கேட்கக் கேட்கச் சோறு. ராத்திரி யாருக்கும் பசிக்கவில்லை. அதையும் மிச்சக் கணக்கில் எழுதினேன்.

பிப்ரவரி 8, புதன்

பங்களா சாகிப் குருத்வாரா. தலையில் துணி கட்டி, செருப்பை ஒப்படைத்து, தண்ணீரில் கால் நனைத்துப் போக வேண்டும். லங்கரில், அதாவது எல்லாருக்கும் போடும் இலவசச் சாப்பாட்டில், வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த அம்மா எனக்குச் செய்து காட்டினார். ரொட்டி, பருப்பு, பாயசம். சாப்பிட்டு எழுந்தால் அத்தையைக் காணோம். தேடிப் போனால் சமையல்கட்டில் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து ரொட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

சாப்பாடு என்ற வரியில் இன்று ஒன்றும் எழுதவில்லை. மிச்சம் என்ற வரியிலும்தான். அங்கே போய் மூன்று பேர் சாப்பாட்டுக் காசு லாபம் என்று எழுதக் கை வரவில்லை. அத்தை உண்டியலில் போட்டது எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

செங்கோட்டை, சாந்தினி சௌக். கால் வலி.

சாயங்காலம் கரோல் பாக் சந்தையில் நான் தோற்றேன். திரும்பும் டிக்கெட்டும் ஸ்லீப்பர்தானே. ஒரு கடையில் ஜெய்ப்பூர் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, மெத்தென்று, பூப்போட்டது. தையலைப் புரட்டிப் பார்த்தேன், இழையை எண்ணினேன், எங்கள் கம்பெனி ரேட்டை மனசில் கணக்குப் போட்டேன். 1,100 சொன்னதை 650க்கு வாங்கினேன். நாள் கணக்கு 1,740. அவர் நோட்டை வாங்கி, "கரூர், போர்வை" என்று தன் கையெழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டார்.

பிப்ரவரி 10, வெள்ளி

ஆக்ராவை விட்டதில் அவருக்கு வருத்தம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் பூட்டுதான் என்று காட்டியதும் அடங்கினார். இந்தத் தடவை கிழமை என் பக்கம்.

ராத்திரி வண்டிக்கு முன்னால் மெட்ரோ கவுண்டரில் கார்டுகளைத் திருப்பினோம். என்னுடையதும் அவருடையதும் கொடுத்து டெபாசிட்டை வாங்கியாயிற்று. அத்தையிடம் கை நீட்டினேன். சுருக்குப் பையை இறுக்கிக்கொண்டார். உள்ளே இளஞ்சிவப்புச் சீட்டு எட்டு, நடுவில் கார்டு.

"50 ரூபா திரும்ப வரும் அத்தை."

"எனக்குன்னு ஒரு கதவு திறக்குது இல்ல? இருக்கட்டும்."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: அத்தை கார்டு, 50.